தொட்டியின் அடியில் ஒரு தரை

1986 நவம்பர் 1. நள்ளிரவு கடந்து சில நிமிடங்களே ஆகியிருந்தன. சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரை ஒட்டிய ஷ்வைட்சர்ஹாலெ தொழிற்பகுதியில், சாண்டோஸ் நிறுவனத்தின் 956ஆம் எண் கிடங்கு தீப்பற்றியது. உள்ளே ஏறக்குறைய 1,350 டன் வேதிப்பொருள்கள். அவற்றில் பெரும்பகுதி பூச்சிக்கொல்லி; பாதரசம் சேர்ந்த பூஞ்சைக்கொல்லியும் இருந்தது. முதலில் இயந்திரங்கள் வைப்பதற்கென்று கட்டப்பட்ட கிடங்கு அது. விடியும்வரை தீயணைப்பு வீரர்கள் பீய்ச்சியடித்த நீர் ஒரு கோடி லிட்டருக்குக் குறையாது. நெருப்பு அணைந்தது. ஆனால் நஞ்சு கரைந்த அந்த நீரைப் பிடித்து நிறுத்தப் போதிய தேக்கம் அங்கே இல்லை. வடிகால் எங்கே போனதோ அங்கே நீரும் போனது. வடிகால் போனது ரைன் ஆற்றுக்கு.

கிடங்கிலிருந்த சாயம் கலந்து ஆறு சிவந்தது. ஆற்றின் போக்கில் சுமார் 400 கிலோமீட்டருக்கு விலாங்கு மீன்கள் செத்து மிதந்தன. எண்ணிக்கை ஒன்றரை லட்சம் என்று கணக்கிட்டார்கள். ஜெர்மனியிலும் நெதர்லாந்திலும் ரைன் நீரைக் குடிநீராக்கும் நிலையங்கள் ஆற்றுநீர் எடுப்பதை நிறுத்தின. தீ எப்படிப் பற்றியது என்பதற்கு ஊகம் உண்டு, ஐயமற்ற விடை இல்லை. ஆற்றை எது கொன்றது என்பதில் யாருக்கும் ஐயமில்லை. அணைத்த நீரைத் தாங்க ஒரு தரை இல்லாததுதான் கொன்றது.

இந்தக் கட்டுரை அந்தத் தரையைப் பற்றியது. நீரைக் கெடுக்கக்கூடிய பொருளைக் கையாளும் ஆலை, கிடங்கு, பணிமனை எதுவானாலும், அதை ஒழுங்குபடுத்தும் சட்டம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. “இது உடைந்தால் உள்ளிருப்பது எங்கே போகும்?” அந்தக் கேள்வியைச் சட்டத்தின் நடுவில் வைத்த நாடு ஜெர்மனி. அங்கே அது எப்படி வேலை செய்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது நமக்கு மிகவும் தேவை என்று நான் நம்புகிறேன்.

குழாயின் முனையும் தொட்டியின் அடியும்

தொழிற்சாலையிலிருந்து நீருக்குக் கேடு வரும் வழிகள் இரண்டு. முதலாவது, தெரிந்தே வெளியேற்றும் கழிவுநீர். அதற்கு ஒரு குழாய் உண்டு, குழாய்க்கு ஒரு முனை உண்டு. முனையில் நீரைப் பிடித்துச் சோதிக்கலாம், இவ்வளவுக்கு மேல் கூடாது என்று அளவு வைக்கலாம்.

இரண்டாவது, யாரும் வெளியேற்ற நினைக்காத பொருள். தொட்டியில் வைத்திருக்கும் டீசல், டிரம்மில் நிற்கும் கரைப்பான், நிலத்தடிக் குழாயில் ஓடும் அமிலம், கொட்டி வைத்த உப்பு, சேற்றுக்கழிவு. இதற்கு வெளியேறும் முனை என்று ஒன்று இல்லை. தொட்டியின் பற்றவைப்பு விடும் இடம்தான் முனை. டிரம்மின் அடி துருப்பிடித்து ஓட்டை விழும் இடம்தான் முனை. ஆண்டுக்கணக்கில் சொட்டுச் சொட்டாக மண்ணுக்குள் இறங்கி, அடுத்த தெருக் கிணற்றில் வாடை வரும்போதுதான் தெரியவரும். தெரியும்போது நிலத்தடி நீர் கெட்டிருக்கும். ஆறு ஓடுவதால் ஓரளவு தன்னைக் கழுவிக்கொள்ளும். நிலத்தடி நீர் மெல்ல நகர்வது. கெட்டால் ஒரு தலைமுறைக் காலத்துக்குக் கெட்டதுதான்.

ஜெர்மனியின் குடிநீரில் சுமார் 70 விழுக்காடு நிலத்தடியிலிருந்தும் ஊற்றுகளிலிருந்தும் வருகிறது. அதனால்தான் 1957இல் இயற்றிய நீர்வளச் சட்டத்திலிருந்தே அந்த நாடு இந்த இரண்டாவது வழியில் கண் வைத்திருக்கிறது. ஷ்வைட்சர்ஹாலெ தீ அந்தப் பார்வையைக் கூர்மையாக்கியது. ரைன் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஆணையத்தின் நாடுகள் 1987இல் ரைன் செயல்திட்டத்தை ஏற்றன. மாசைப் பாதியாகக் குறைப்பது, 2000ஆம் ஆண்டுக்குள் சால்மன் மீனை ஆற்றுக்குத் திரும்பக் கொண்டுவருவது ஆகியவற்றோடு, ஆலைகளின் விபத்துத் தடுப்பும் அதில் இடம்பெற்றது. பெரும் தொழில் விபத்துகளைத் தடுக்க ஐரோப்பியச் சமூகம் 1982இல் கொண்டுவந்த செவேசோ நெறிமுறையை 1988இல் திருத்தி, வேதிப்பொருளைச் சேமித்து வைக்கும் இடங்களையும் அதற்குள் விரிவாகக் கொண்டுவந்தது. உற்பத்தி மட்டும் ஆபத்தல்ல, சும்மா அடுக்கி வைத்திருப்பதும் ஆபத்து என்பதை அந்தச் சட்டம் முழு அளவில் ஒப்புக்கொண்டது அப்போதுதான்.

கவலைக்கே இடமில்லாதபடி

இன்று ஜெர்மனியில் நடைமுறையில் இருப்பது, நீருக்குத் தீங்கான பொருள்களைக் கையாளும் அமைப்புகளுக்கான ஒழுங்குவிதி. 2017 ஏப்ரலில் வெளியாகி ஆகஸ்டு முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் 16 மாநிலங்களும் தனித்தனியே விதி வைத்திருந்தன. அவற்றை ஒன்றாக்கியது இதுதான். இதற்கு வேராக இருப்பது நீர்வளச் சட்டத்தின் 62ஆம் பிரிவு. நீரின் தன்மை கெட்டுவிடுமோ என்று கவலைப்படவே இடமில்லாத வகையில் அமைப்பைக் கட்டவும் இயக்கவும் வேண்டும் என்று அது சொல்கிறது. கேடு விளைந்ததை நிரூபிக்க வேண்டியதில்லை, கேடு விளையும் என்றுகூட நிரூபிக்க வேண்டியதில்லை. நியாயமான கவலைக்கு இடமிருந்தாலே அது சட்ட மீறல்.

விதி முதலில் பொருள்களைத் தரம் பிரிக்கிறது. நீருக்கு இலேசான தீங்கு தருவது முதல் வகுப்பு, தெளிவான தீங்கு தருவது இரண்டாம் வகுப்பு, கடுமையான தீங்கு தருவது மூன்றாம் வகுப்பு. டீசல் இரண்டில் வருகிறது. பெட்ரோலும் பாதரசமும் மூன்றில். வீட்டில் புழங்கும் சமையல் உப்புகூட முதல் வகுப்பில் இருக்கிறது. கிணற்று நீர் உப்பாகிப்போன ஊர்க்காரருக்கு அதன் நியாயம் உடனே புரியும். மாட்டுச் சாணக் கரைசல், ஊறவைத்த தீவனத்திலிருந்து வடியும் சாறு போன்றவை வகுப்பு எண் இல்லாமல் பொதுவாகத் தீங்கானவை என்று வைக்கப்பட்டு, அவற்றுக்கும் விதி உண்டு. எது எந்த வகுப்பு என்பதை அமைப்பை நடத்துபவரே ஆய்வுத் தரவுகளின் அடிப்படையில் கணித்து ஆவணப்படுத்த வேண்டும். கூட்டாட்சிச் சுற்றுச்சூழல் முகமை பொருள்களின் வகுப்பை எவரும் பார்க்கும்படி வெளியிடுகிறது.

இந்தத் தரம் பிரிப்பில் என்னை மிகவும் கவர்ந்தது ஒரு சிறு வாசகம். வகுப்பு கணிக்கப்படாத எந்தப் பொருளும் கடுமையான தீங்கு தருவதாகவே கொள்ளப்படும். அதாவது, தெரியாது என்பது சலுகை ஆகாது. புதுப் பொருளின் நஞ்சைப் பற்றி ஆய்வு இல்லையென்றால், ஆய்வு வரும்வரை அதற்கு மிகக் கடுமையான ஏற்பாடு செய்தாக வேண்டும். ஆய்வு செய்துகொண்டு வந்தால் தளர்த்தலாம். அறியாமையின் செலவு ஊரின் தலையில் விழாமல் ஆலையின் கணக்கில் விழுகிறது. முன்னெச்சரிக்கை என்ற பெரிய சொல் நிர்வாக வாசகமாக மாறினால் இப்படித்தான் இருக்கும்.

அறுபது டிரம்

எடுத்துக்காட்டாக ஒரு கிடங்கை எடுத்துக்கொள்வோம். 200 லிட்டர் டிரம் 60. மொத்தம் 12,000 லிட்டர், அதாவது 12 கனமீட்டர்.

முதல் வேலை ஆபத்து நிலையைக் காண்பது. விதியில் ஒரு சின்ன அட்டவணை இருக்கிறது. ஒரு பக்கம் அளவு, மறுபக்கம் வகுப்பு, சந்திக்கும் கட்டத்தில் அ முதல் ஈ வரை நான்கு நிலை என்று நம் எழுத்தில் வைத்துக்கொள்ளலாம். 12 கனமீட்டர் முதல் வகுப்புப் பொருளென்றால் கிடங்கு மிகக் குறைந்த நிலையான அ. அதே 60 டிரம்மில் இரண்டாம் வகுப்புப் பொருள் இருந்தால் இ. மூன்றாம் வகுப்பென்றால் மிக உயர்ந்த நிலையான ஈ. டிரம் அதே டிரம், சுவர் அதே சுவர். உள்ளே இருப்பதைப் பொறுத்து யார் வந்து சோதிக்க வேண்டும், எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை என்பதெல்லாம் மாறுகின்றன.

அடுத்தது தரை. டிரம் கிடங்குகளில் மொத்தக் கொள்ளளவு 100 கனமீட்டர் வரை இருந்தால் அதில் பத்தில் ஒரு பங்கைத் தரை தாங்க வேண்டும். இருப்பதிலேயே பெரிய கலத்தின் அளவுக்கும் அது குறையக் கூடாது. நம் கிடங்குக்கு 1,200 லிட்டர். நீளம் ஆறு மீட்டர், அகலம் நான்கு மீட்டர் உள்ள அறைக்குச் சுற்றிலும் ஐந்து சென்டிமீட்டர் உயரத்தில் விளிம்பு கட்டினால் கணக்குச் சரியாகிறது. ஐந்து சென்டிமீட்டர்! வாசற்படியைவிடத் தாழ்ந்த விளிம்பு. தரை நீர் இறங்காத பூச்சு உடையதாக இருக்க வேண்டும், விரிசல் கூடாது, மூலையில் வடிகால் ஓட்டை கூடாது. ஒரு கொத்தனாரும் ஒரு பூச்சு வேலைக்காரரும் சில நாளில் முடித்துவிடக்கூடிய வேலை. ஒரு தெருவின் கிணறுகளுக்கும் கெடுதலுக்கும் நடுவே நிற்பது பல நேரம் இவ்வளவுதான். இதைச் செய்யாமல் விட்டு, பிறகு மண்ணைத் தோண்டி அள்ளி நிலத்தடி நீரை ஆண்டுக்கணக்கில் இறைத்துச் சுத்தப்படுத்துவதற்கு ஆகும் செலவை எண்ணிப் பார்த்தால் மனம் கனக்கிறது.

அந்த விளிம்பு சிந்தியதைப் பிடிக்கும். தீயணைக்கும் நீரைப் பிடிக்காது. அதனால்தான் விதியின் 20ஆம் பிரிவு தனியே பேசுகிறது. தீப்பிடித்தால் ஒழுகும் பொருளோடு, அணைக்கவும் குளிர்விக்கவும் அடித்த நீரையும் சேர்த்துத் தேக்கும் வகையில் அமைப்பைத் திட்டமிட வேண்டும். 956ஆம் எண் கிடங்கில் இல்லாமல் போனது இதுதான்.

வால்வும் மழையும்

இந்த விதியில் ஆழமான இடம் எதுவென்று கேட்டால் வால்வைத்தான் காட்டுவேன். தேக்கும் அமைப்பு நீர் இறங்காததாக இருக்க வேண்டும், அதில் வடிகால் இருக்கக் கூடாது என்பது பொது விதி. ஆனால் திறந்த வெளியில் நிற்கும் தொட்டியைச் சுற்றிக் கட்டிய தேக்கத்தில் மழை பெய்யும். மழைநீர் நிறைந்துவிட்டால், தொட்டி ஒழுகும் அன்று பிடிக்க இடம் இருக்காது. ஆகவே நீரை வெளியே விட்டாக வேண்டும், அதற்கு வடிகால் வேண்டும்.

இந்த முரணை விதி இப்படித் தீர்க்கிறது. மழை விழுவதைத் தவிர்க்கவே முடியாத இடத்தில் மட்டும் வடிகால் வைத்துக்கொள்ளலாம். தேங்கிய நீரில் தீங்கான பொருள் இல்லை என்று பார்த்து உறுதிசெய்த பிறகே அதைத் திறக்க வேண்டும். அதாவது வால்வு மூடியே கிடக்க வேண்டும், திறக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு மனிதர் வந்து பார்த்திருக்க வேண்டும். எண்ணெய்த் தொட்டிப் பண்ணைகளில் வேலை செய்தவர்களுக்கு இதன் கனம் தெரியும். அடைமழையில், தொட்டியைச் சுற்றிய டைக் எனும் தேக்கச் சுவருக்குள் நீர் ஏறும்போது வால்வைத் திறந்துவிட்டுப் போய்விடத் தோன்றும். திறந்ததை மூட மறந்தால், அத்தனை கனத்த சுவரும் வெறும் அலங்காரம்.

வெள்ளம் இன்னொரு பாடம் கற்றுத் தந்தது. ஜெர்மன் வீடுகளின் அடித்தளத்தில் குளிர்காலச் சூடேற்றத்துக்கான எண்ணெய்த் தொட்டி இருப்பது வழக்கம். 2013 ஜூனில் பவேரியாவின் டெக்கென்டோர்ஃப் பகுதியில் கரை உடைந்து வெள்ளம் புகுந்தபோது, அந்தத் தொட்டிகள் மிதந்து கவிழ்ந்தன. எண்ணெய் கலந்த நீர் செங்கல் சுவருக்குள் ஊறியது. வெள்ளம் வடிந்த பிறகும் வாடை போகவில்லை. பல வீடுகளை இடிக்க வேண்டியதாயிற்று. இதன் பிறகு, 2018 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த வெள்ளப் பாதுகாப்புச் சட்டத் திருத்தம், வெள்ளம் புகும் பகுதிகளில் புதிதாக எண்ணெய்ச் சூடேற்றிகள் வைப்பதைப் பொதுவாகத் தடுத்தது. பழையவற்றைக் காலக்கெடுவுக்குள் மிதக்காதபடி பாதுகாக்கச் சொன்னது. வெள்ளத்தை இயற்கைச் சீற்றம் என்று கைவிரிக்காமல், தொட்டியைக் கட்டும்போதே எண்ணவேண்டிய ஒன்றாக அந்தத் திருத்தம் ஆக்கியது.

பார்க்கும் கண் யாருடையது

விதி எழுதுவது எளிது. யார் போய்ப் பார்ப்பது? ஜெர்மன் ஏற்பாட்டில் பொறுப்பு மூன்று அடுக்காக இருக்கிறது. முதல் அடுக்கு நடத்துபவர். அவர் தன் அமைப்பைத் தொடர்ந்து கவனிக்க வேண்டும். வீட்டுத் தொட்டிக்குக்கூட, ஒழுகினால் என்ன செய்வது என்ற குறிப்புத்தாளை அதன் அருகில் கண்ணில் படும்படி வைத்தாக வேண்டும். இரண்டாம் அடுக்கு, ஆபத்தான அமைப்புகளைக் கட்டவும் பழுதுபார்க்கவும் தகுதிச் சான்று பெற்ற நிறுவனங்கள். மூன்றாம் அடுக்கு, அங்கீகரிக்கப்பட்ட அமைப்புகளைச் சேர்ந்த வல்லுநர்கள். நிலத்தடித் தொட்டிகளையும், தரைக்கு மேலுள்ளவற்றில் உயர்ந்த இரு நிலைகளையும் இவர்கள் ஐந்தாண்டுக்கு ஒருமுறை சோதிக்கிறார்கள். நீர்ப் பாதுகாப்புப் பகுதியில் உள்ள நிலத்தடித் தொட்டிக்கு இடைவெளி இரண்டரை ஆண்டுதான்.

வல்லுநருக்குக் கட்டணம் கொடுப்பவர் ஆலைக்காரர். அங்கே ஒரு பலவீனம் இருப்பது உண்மை. அதைச் சமன்செய்ய, அறிக்கையை வல்லுநரே நான்கு வாரத்துக்குள் அரசு அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். குறைகளுக்கும் தரம் உண்டு: சிறு குறை, பெருங்குறை, ஆபத்தான குறை. ஆபத்தான குறையென்றால் அலுவலகத்துக்கு உடனே தகவல் போகும்; அமைப்பை உடனே நிறுத்த வேண்டும், தேவையென்று வல்லுநர் கண்டால் காலியும் செய்ய வேண்டும். இந்த ஏற்பாடு குறையற்றது என்று நான் சொல்லவில்லை. காகித வேலை அதிகம் என்று சிறு தொழில்களும் உழவர்களும் முறையிடுகிறார்கள். பழைய அமைப்புகளுக்குத் தந்த கால அவகாசம் நீள்கிறது. ஆனாலும் ஒரு தொட்டி எப்போது கட்டப்பட்டது, யார் கட்டினார்கள், கடைசியாக யார் பார்த்தார்கள், என்ன சொன்னார்கள் என்ற நான்கு கேள்விக்கும் அங்கே விடை இருக்கிறது.

மணலி, எண்ணூர், ராணிப்பேட்டை

இதையெல்லாம் படிக்கும்போது நம் ஊர் நினைவு வராமல் இராது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையை மூழ்கடித்தபோது, மணலி தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் வெள்ளத்தோடு பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, கொசஸ்தலை ஆற்றின் முகத்துவாரமான எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியது. மீனவர்கள் குவளையாலும் வாளியாலும் எண்ணெயை அள்ளினார்கள். வலையும் படகும் கறுத்தன. கூழைக்கடாக்களின் இறகில் எண்ணெய் ஒட்டியது. அங்குள்ள எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை வளாகத்தில் மழைநீரை மேலாண்மை செய்யும் ஏற்பாடு போதவில்லை என்று தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சொன்னது. மழைநீர் வடிகால்! கழிவுநீர்க் குழாயின் முனையை எத்தனை முறை சோதித்தாலும் அகப்பட்டிருக்காத வழி அது.

ராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமியம் ஆலையின் வளாகத்தில் ஒன்றரை லட்சம் டன்னுக்குக் குறையாத குரோமியக் கழிவு பல்லாண்டாகக் குவிந்து கிடந்ததும், மழை பெய்யும்போதெல்லாம் மஞ்சள் நீர் கசிந்ததும் ஊரறிந்தவை. அங்கேயும் கேடு சேமிப்பில்தான், வெளியேற்றத்தில் அல்ல. அதே ராணிப்பேட்டையில் 2015 ஜனவரி 31 அன்று அதிகாலை, தோல் ஆலைகளின் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் சேற்றுக்கழிவு தேக்கிய தொட்டியின் சுவர் உடைந்தது. பக்கத்து ஆலையில் உறங்கிக்கொண்டிருந்த பத்துப் பேர் அந்தச் சேற்றில் மாண்டார்கள். நீரைக் காக்கவென்று கட்டிய நிலையத்தின் தொட்டியே உயிர் குடித்தது. மாண்டவர்களில் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள்.

நம்மிடம் சட்டம் இல்லாமல் இல்லை. 1974இன் நீர் மாசுத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. ஆபத்தான வேதிப்பொருள்களின் உற்பத்தி, சேமிப்பு, இறக்குமதி பற்றிய 1989இன் விதிகள் இருக்கின்றன. பாலாற்றுத் தோல் ஆலைகள் பற்றிய வழக்கில்தான் 1996இல் உச்ச நீதிமன்றம், முன்னெச்சரிக்கைக் கோட்பாடும் மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கோட்பாடும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று தீர்ப்பளித்தது. கோட்பாட்டுக்கு நமக்குக் குறைவில்லை. ஆனால் 1974இன் சட்டம் நடைமுறையில் முதன்மையாகக் கழிவுநீரை அளக்கிறது. 1989இன் விதிகள் பெரும் அளவுகளையும் பெரும் விபத்துகளையும் கருதி எழுதப்பட்டவை. எண்ணெய்த் தொட்டிகளைச் சுற்றி டைக் சுவர் கட்டச் சொல்லும் தரநிலைகளுக்குத் தீப் பாதுகாப்பே முதல் நோக்கம். இவற்றுக்கு இடையே விழுந்துபோவது சாயக் கிடங்கின் அறுபது டிரம், தோல் ஆலையின் உப்புக் குவியல், பணிமனையின் கழிவு எண்ணெய்த் தொட்டி. ஒவ்வொன்றும் சிறிது, எல்லாம் சேர்ந்தால் ஓர் ஆற்றுப்படுகை.

ஏழைக்கு எட்டுமா?

இது பணக்கார நாட்டு ஏற்பாடு, நம் சிறு தொழிலுக்குத் தாங்காது என்பவர்கள் உண்டு. அந்த மறுப்பை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஐந்தாண்டுக்கு ஒருமுறை வல்லுநரை அழைத்துச் சான்று வாங்குவது சிறிய சாயப்பட்டறைக்குச் சுமைதான். ஆனால் ஜெர்மன் விதியின் அட்டவணை சொல்வதும் அதையேதான்: எல்லோர் மேலும் ஒரே சுமை வைக்காதே, பொருளின் நஞ்சையும் அளவையும் பார்த்து வை. குறைந்த நிலையில் இருப்பவருக்கு ஒரு நல்ல தரையும் தன் கண்ணுமே போதும். சாயப்பட்டறைகளின் கழிவுநீரால் நொய்யல் ஆறு கெட்ட பிறகு, 2011இல் உயர் நீதிமன்றத்தின் ஆணையால் பட்டறைகள் மூடப்பட்டதையும், சொட்டு நீரும் வெளியேறாத சுத்திகரிப்புக்குத் திருப்பூர் கடன்பட்டு மாறியதையும் நாம் பார்த்தோம். காலம் தாழ்த்தி வரும் ஒழுங்குதான் சிறு தொழிலை நசுக்குகிறது. கட்டும்போதே போடும் ஐந்து சென்டிமீட்டர் விளிம்பு எவரையும் நசுக்காது.

மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆலைகளுக்குத் தரும் இசைவாணையில் கழிவுநீரின் அளவுகளும் வரம்புகளும் வரிசையாக எழுதப்படுகின்றன. அவற்றோடு சில வரிகள் கூடினால் தொடக்கத்துக்குப் போதும் என்று நினைக்கிறேன். வளாகத்தில் எந்தப் பொருள் எவ்வளவு எங்கே இருக்கிறது. அதன் அடியில் உள்ள தரை எவ்வளவைத் தாங்கும். அந்தத் தரையின் வடிகால் எங்கே போகிறது. அதன் வால்வைத் திறப்பது யார், கடைசியாகத் திறந்தது எப்போது. வெள்ளம் இத்தனை அடி ஏறினால் தொட்டி நிற்குமா மிதக்குமா. இந்த விடைகள் அந்த ஊர் மக்கள் பார்க்கும்படி இருக்க வேண்டும். ஏனென்றால் விடை தவறினால் முதலில் தெரிந்துகொள்பவர்கள் அவர்கள்தான், கிணற்றடியில், கழிமுகத்தில்.

ரைனின் துணையாறான ஸீகில் 1990இல் சால்மன் மீண்டும் தென்பட்டது. சிவந்து ஓடிய ஆற்றுப்படுகைக்கு நான்கு ஆண்டில் ஒரு மீன் திரும்பி வந்தது. மீன் குஞ்சுகளை விட்டதும், கழிவுநீரைச் சுத்தப்படுத்தியதும், தடைகளை நீக்கியதும் அதற்குக் காரணங்கள். அவற்றோடு, கண்ணுக்குத் தெரியாத இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. கரையோர ஆலைகளில் தொட்டிக்கு அடியில் தரை போட்டார்கள், கிடங்குக்கு விளிம்பு கட்டினார்கள், வால்வுகளை மூடி வைத்தார்கள். எண்ணூர்க் கழிமுகத்தில் இறாலும் நண்டும் பிடித்துப் பிழைப்பவர்களுக்கு நாம் தர வேண்டியது இதுதான்: அடுத்த புயல் வருவதற்குள், மணலியில் மூடிக் கிடக்கும் ஒரு வால்வு.